கல்வாலா டேப்

கர்ர்ர்... டக். கேட்டியளா சார்? திரும்பிப் பாக்காதீங்க, இன்னொரு தடவ வரும். கர்ர்ர்... டக். உள்ள நாடா சிக்குத சத்தம். இந்த டிரைவ் இன்னும் ஒரு மாசம் ஓடினா பெரிசு.

அதான் வெங்கடராமன் சார், காலங்காத்தால மாட்டுங்காலேர்ந்து உங்கள வரவழைச்சேன். எனக்கு நைட் ஷிப்ட் முடிஞ்சாச்சு. சேட் வர்றதுக்குள்ள பேசிருவோம்.

முப்பது கம்ப்யூட்டர். அதுல உள்ளத ராத்திரி நகல் எடுத்து வைக்க நாளுக்கு ஒரு டேப்பு, திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஆறு. கொட்டேஷன்ல முதல்ல எழுதியிருக்கிய பாருங்க, புது மாடல், அது வேண்டாம். ரெண்டாவதா இருக்க பழைய மாடல மேல தூக்கிப் போடுங்க.

வேகம் கிடக்கட்டும் சார். எல்லாரும் வீட்டுக்குப் போன பெறகுதான ஓடுது, அது எந்த லோக்கல் டிரெயினப் பிடிக்கப் போவுது? புதுசுக்கு எங்க பழைய டேப்பப் படிக்கத் தெரியாது. நீங்கதான போன்ல சொன்னிய.

பழசுல என்னவா?

டிராம்பேல எண்ணெய்த் தொட்டி கழுவ நம்ம கம்பெனி ஆள் அனுப்புதுல்லா. ஆறு வருசத்துக்கு முந்தி, ஒரு புதன்கிழமை. ஷகீல்னு எங்க தாராவிச் சந்துப் பையன். நாந்தான் வேலைக்குச் சேத்துவிட்டேன். தொட்டிக்குள்ள எறங்குனவன் ஏறல. மறுநா சேட் சொல்லுதாரு, அவன் நேத்து வேலைக்கே வரல, சும்மா உள்ள நொழைஞ்சிட்டான்னு. காலைல எட்டு அஞ்சுக்கு அவன் வெரல் வச்சது கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அத அவரே அழிச்சாரு. அழிச்சிட்டு என்கிட்ட, கரீம், கல்வாலா டேப் மிட்டா தோங்காரு, அழிச்சிருன்னு.

அழிச்சேன் சார். இல்லங்கல.

அவன் பொண்டாட்டி ஷமீமா கோர்ட்டுக்கு நடையா நடக்கா. அன்னைக்கி எம் புருசன் வேலைக்குத்தான் போனாருங்கா, ஆதாரம் கேக்காங்க. குழாயடியில என்னக் கண்டா, அண்ணே சாப்ட்டியளான்னு கேப்பா. வேற ஒண்ணும் கேக்க மாட்டா. அதுக்குப் பயந்துதான் நைட் ஷிப்ட்டே வாங்குனேன். அவ முழிச்சிருக்கப்ப நான் தூங்கிரலாம்லா. எங்க, தூக்கம் வந்தாத்தான.

ஹிந்தியா? தாராவில முப்பது வருசம் சார், கனவுலகூட ஹிந்தியிலதான் ஏசுதேன். ஆனா ஒண்ணு பாருங்க. நமக்கு நேத்துன்னா வேற, நாளைக்குன்னா வேற. அவங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே கல். சேட் நெனச்சது நேத்து. நான் அழிச்சது நாளைக்கு. வெள்ளிக்கிழமை டேப்பு. மாட்டிக்கிட்டா, மதராசிக்கு ஹிந்தி அம்புட்டுதான்னு சிரிச்சிட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். யாரும் கேக்கவே இல்ல.

ஆமா. புதன் டேப்பு எங்கிட்டதான் இருக்கு. வீட்டுல, துணி டிரங்குல. அதோட எடத்துல புதுசு ஒண்ண வச்சு புதன்னு எழுதிட்டேன்.

இந்த ஆறு வருசத்துல என்னைக்கின்னாலும் இதுல போட்டுப் பாத்திருக்கலாம். பயம். வேலை போயிரும், புள்ள படிப்பு நின்னுரும்னு பயம். இப்ப பயம் விட்டுது, டிரைவ் சாவுது; இதுல போட்டா அந்த நாடாவ மென்னு போட்டுரும். வெளிக்கடையில குடுத்தா அன்னைக்கே சேட் காதுக்குப் போயிரும். வர்ற பதினாறாந் தேதி ஷமீமா கேஸு. அதுக்குள்ள படிச்சு, நானே கையில கொண்டு போய்க் குடுக்கணும்.

எழுதிட்டியளா? பழசு மேல, புதுசு கீழ. சரி.

கொஞ்சம் தள்ளிக்கிடுங்க சார். இன்னைக்கி டேப்புக்கு லேபிள் ஒட்டணும்.