ஒரே அளவில் இரண்டு முக்கோணங்கள்

தலைமையேற்று வீற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, கணக்கைக் கற்பித்த ஆசிரியப் பெருமக்களே, அறிவில் மூத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் நடுக்கம் நிறைந்த வணக்கம்.

நடுக்கம் என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

மாடிப்படிக்குக் கீழே எங்கள் கணித மன்றத்துக்கு ஓர் அறை உண்டு. ஒரு மேசை, ஒரு கரும்பலகை. உடைந்த நாற்காலிகளைப் போட அந்த அறை வேண்டுமாம். "உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டுங்க, அறை உங்களுக்கே" என்றார் தலைமையாசிரியை. செய்தோம். இதோ, என் பின்னால் நிற்கும் சதுரப் பலகை.

ஒரு சதுரக் கைக்குட்டையை மூலைக்கு மூலை மடியுங்கள். கிடைப்பது இருசமபக்கச் செங்கோண முக்கோணம். மறுபடி மடியுங்கள், அதே வடிவம், சிறியதாய். ஆனால் மடிப்பில் வெட்டினால்? வெட்டும்போதெல்லாம் ஒரே அளவில் இரட்டையர் பிறக்கிறார்கள். இரட்டையரே இல்லாமல், இடைவெளியே இல்லாமல், ஒரு சதுரத்தை இந்த முக்கோணங்களால் நிரப்ப முடியுமா? முடியும் என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் விடையைப் பார்க்காமல் நாங்களே கண்டுபிடிக்க உட்கார்ந்தோம்.

என் கூட்டாளியைப் பென்சில் என்பார்கள், அவ்வளவு ஒல்லி. அவள் வரைந்தாள், நான் அளந்தேன், தச்சரான அவள் அப்பா அறுத்துக் கொடுத்தார். "ஏம்மா, நல்லா இருந்த பலகைய துண்டு துண்டா அறுத்து, மறுபடி பலகையாவே ஆக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

சிரியுங்கள், சிரியுங்கள். எனக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

இன்று காலை பலகையைத் துடைத்தபோது இரண்டு துண்டுகள் கழன்று விழுந்தன. எடுத்துத் திருப்பி மாட்டினேன். பிறகுதான் கவனித்தேன், இடம் மாறியிருந்தது. மாறியும் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

"அது எப்படிடி? ஒண்ணு பத்து, ஒண்ணு பதினாலு சொச்சம். நீதானே அளந்த?" என்றாள் பென்சில்.

நான்தான் அளந்தேன். ஒன்றில் செங்கோணத்தை ஒட்டிய பக்கத்தை அளந்தேன். மற்றொன்றில் நீண்ட சாய்ந்த பக்கத்தை அளந்தேன். எண்கள் வேறு, அளவு ஒன்று.

அவள் முகம் வெளுத்தது. "பேசாம பேசிட்டு வந்துடு. கீழ இருந்து பாத்தா யாருக்குத் தெரியும்? அறை போயிட்டா மரத்தடியில நின்னுக்கிட்டா கணக்குப் போடுவ?" என்றாள். முன்வரிசையில் இப்போதும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

மன்னித்துக்கொள் தோழி. இதோ, அந்த இரண்டு துண்டுகளையும் கழற்றுகிறேன். ஒன்றின்மேல் ஒன்று வைக்கிறேன். நகக்கண் அளவுகூட வித்தியாசம் இல்லை. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? தெரிகிறது, எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள்.

தலைமையாசிரியை அவர்களே, செய்து காட்டச் சொன்னதை நாங்கள் செய்யவில்லை. அறையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். விடை கிடைத்தவர்களுக்கு அறை எதற்கு? பலகையைச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாமே. தவறு செய்தவர்களுக்கு அல்லவா அறை வேண்டும்? தடுமாறுபவர்களுக்கு அல்லவா மேசை வேண்டும்? அழித்து அழித்து எழுதுபவர்களுக்கு அல்லவா கரும்பலகை வேண்டும்? அதோ, பலகையில் இரண்டு ஓட்டைகள். அவற்றை அடைக்கும்வரை எங்களுக்கு அந்த அறை வேண்டும். உடைந்த நாற்காலிகளுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

ஓட்டை விழுந்த பலகையோடு நின்றவளை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, முடிவைத் தலைமையிடம் விட்டு, வணங்கி இறங்குகிறேன்.