வயசு பார்த்து வந்த காய்ச்சல்

— வாயை நல்லாத் தொறய்யா! ஜெயா, உன் புருஷன் தலையை அசையாமப் புடி. பஞ்சு தொண்டையைத் தொடணும்.

— இந்தாய்யா, மூணு நாளா கஞ்சிக்குத்தான் தொறக்கல. ஹெல்த் சாருக்காவது தொற.

— ஹ்ஹா... கொமட்டுது. ஆள சாவடிக்கவா வந்தீங்க தேவநாதன் சார்?

— முடிஞ்சுது கலியா, படு. ஜெயா, குப்பியை ஐஸ்ல வை, சீக்கிரம். மீன்காரங்ககிட்ட கெஞ்சி வாங்கின ஐஸ். உருகிட்டா கிருமி செத்துடும்.

— சாவட்டுமே சார். நல்லதுதான?

— மெட்ராஸுக்கு உயிரோட போனாத்தாம்மா அது எந்தக் கிருமின்னு சொல்ல முடியும். நாலு நாளா நான் தூங்கலை. இந்த உப்பளத்துல நூத்தி முப்பது பேரை எழுதியாச்சு. விழுந்ததெல்லாம் இருபத்திரண்டு வயசுக்குக் கீழ. மேல இருக்கறவங்க ஒருத்தரும் தும்மக்கூட இல்லை.

— வயசு கேட்டுக்கினா வரும் ஜொரம்?

— இது அப்படித்தான் வருது. ஃப்ளூ கிருமி உரு மாறிக்கிட்டே இருக்கும். மாறினா நம்ம உடம்புக்கு அடையாளம் தெரியாது. இந்தத் தடவை, இருபத்தோரு வருஷம் முன்னால சுத்தின பழைய உருவத்திலயே வந்திருக்குன்னு சந்தேகப்படறாங்க. அப்ப அது வந்து போன உடம்பு, இப்ப கண்டுக்கிட்டு விரட்டிடும்.

— அப்ப பெருசுங்க உப்பு வாரலாம். நல்ல சேதிதான?

— உங்க குடிசை மட்டும் இல்லேன்னா.

— எங்க குடிசை என்னா பண்ணுச்சு?

— கலியனுக்கு இருபத்தாறு, படுத்துட்டான். உனக்கு இருபது. சீக்காளிங்க அத்தனை பேருக்கும் கஞ்சி ஊத்தற, ஒரு இருமல் இல்லை. பட்டியல்ல நீங்க ரெண்டு பேர்தான் இடிக்கறீங்க. கிருமி இங்க மறுபடியும் மாறிடுச்சுன்னு எழுதணும். எழுதினா, பெருசுங்களுக்கும் பரவும்னு அளத்தைப் பதினஞ்சு நாள் மூடிடுவாங்க.

— மாசி மாசத்துலயா? பாத்தியெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கு சார்! நானூறு ஊட்ல அடுப்பு எரியாது.

— எனக்கு மட்டும் ஆசையா? ஜீப் ஹாரன் அடிக்கறான். பெட்டியை எடு.

— இருங்க சார்... அவரு தூங்கிட்டாரா பாருங்க.

— கண்ணை மூடியிருக்கான். ஏன்?

— இருபதை அடிச்சுட்டு இருபத்தேழுன்னு போடுங்க. எங்கண்ணன் கொறைச்சுச் சொல்லித்தான் கட்டிக் குடுத்துச்சு. அவருக்குத் தெரிஞ்சா அண்ணன் ஊட்டுக்கே அனுப்பிடுவாரு சார்.

— ஏம்மா... சரி, போட்டாச்சு. ஆனா கலியன் இன்னும் இடிக்கறானே. இவன் ஒருத்தன் போதுமே, அளத்தை மூட.

— நான் தூங்கல சார்.

— ஐயோ! கேட்டுட்டியாய்யா?

— எங்க போற? குந்து. சார், என்னுதையும் அடிங்க. பொண்ணவிட மூத்தவனாக் காட்டணும்னு எங்கம்மா ஏத்திச் சொல்லிடுச்சு. வர்ற பங்குனி வந்தாத்தான் எனக்கு இருபது.