உலகம்மை கொடுத்த விரல்

இதை எனக்கு முதல்ல சொன்னது என் நாத்தனார் சண்முகவடிவு. மூத்தவனைப் பெத்துப் பச்சை உடம்பா கிடந்தப்போ, காய மருந்து இடிச்சுக் கொண்டுவந்தவ, பக்கத்துல உக்காந்து சொன்னா. அவ சொன்னபடியே சொல்லுறேன். ரத்தம் வர்ற கதை. சாமியை நினைச்சுக்கிட்டுக் கேளுங்க.

ரொம்பக் காலத்துக்கு முன்னே, பாளையக்காரங்க ஆண்ட நாளையிலே, மலையடிவாரத்துல கொம்பூர்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல ஈசுரமுத்து ஆசாரின்னு ஒரு கொல்லர். அவர் பெண்டாட்டி உலகம்மை. எங்க வழியில முன்னே பிறந்தவ. சண்டைக்குப் போறவங்க இடுப்புல செருகுற கத்தியெல்லாம் இவங்க பட்டறையிலதான் அடிச்சதாம்.

அவர் கத்தியோட அலகை அடிப்பாராம். அடிச்ச அலகைச் சோதிப்பாராம். ஆட்டுத் தொடையெலும்பை வெட்டிப் பார்ப்பாராம். புளியங்கட்டையில குத்தி, மேல ஏறி நின்னு பார்ப்பாராம். வளைஞ்சா திரும்ப உலைக்குத்தான். வளையாம நின்னதுதான் உலகம்மை கைக்கு வரும். மான்கொம்புல பிடி போடுறது அவ வேலை.

கொம்புல துளை சின்னது. பிடிக்குள்ள போற இரும்பு தடிமன். அதனால அந்த இரும்பை அரத்தால ராவி ஒல்லியாக்கி, அரக்கை உருக்கி ஊத்தி உள்ளே இறக்கிருவாளாம். பிடி போட்ட பிறகு யாரும் சோதிச்சது கிடையாது. சோதிச்ச கத்திதானேன்னு இருந்துட்டாங்க.

அப்போ மலைக்கு அந்தப் பக்கத்துப் பாளையத்தோட சண்டை வந்துச்சாம். நம்ம பக்கத்துப் படையை நடத்தின தளவாய் இருளப்பனோட தம்பி, எதிரி விலாவுல கத்தியைச் சொருகித் திருகினானாம். கத்தி உள்ளேயே நின்னுபோச்சு. கையில வெறும் பிடி. வெறும் பிடியோட நின்னவனைக் கழுத்துல வெட்டிச் சாய்ச்சுட்டாங்களாம்.

தம்பி ரத்தம் காயாத வேட்டியோட தளவாய் பட்டறைக்கு வந்தானாம். பின்னாலேயே படை. ஈசுரமுத்துவை எட்டி உதைச்சு, வாசல் பாறையில தலையை வச்சு அமுக்கினானாம்.

"ஏலே, இரும்பை அடிச்சுக் குடுத்தியா, பனைமட்டையைச் சீவிக் குடுத்தியாலே?"

"எசமான், சோதிக்காம ஒரு கத்தியும் இந்த வாசலைத் தாண்டல. ஆத்தா மேல ஆணை!"

தளவாய் அந்த வெறும் பிடியை வீசினானாம். உலகம்மை எடுத்து வெளிச்சத்துல பார்த்தாளாம். உள்ளே முறிஞ்சிருந்த இரும்பு ஈர்க்குச்சி கனம்தான் இருந்ததாம். அரம் ராவின தடம் அதுல தெரிஞ்சுதாம்.

"அவரை விடுங்க. அலகு முறியல. பிடிக்குள்ளதான் முறிஞ்சிருக்கு. அதை ராவினது நான்."

"ஏட்டி, வாயை மூடுட்டி!"ன்னு பாறையில கிடந்தபடியே கத்தினாராம் புருசன்.

படைக்குக் குடுக்க ஒரு கூடை நிறையக் கத்தி செஞ்சு வச்சிருந்தாங்க. தளவாய் அதைக் காட்டினானாம். "அப்ப எல்லாத்தையும் எம்முன்னால அடிச்சுக் காட்டு. முறியுற கத்திக்கு ஒரு விரல். உன் புருசன் விரல்."

"பிடி போட்டது என் கை. விரலும் என்னுதுதான்"னாளாம் உலகம்மை.

ஒரு கத்தியை எடுத்து, முதுகுப்பக்கமா பாறையில ஓங்கி அடிச்சாளாம். நின்னுச்சு. இன்னொண்ணை அடிச்சாளாம். முறிஞ்சுது. இடது கையைப் பாறையில விரிச்சாளாம். சுண்டுவிரலைத் தட்டுன்னு வெட்டிட்டாங்களாம். உலைச் சாம்பல்ல கையை முக்கிக்கிட்டு, அடுத்ததை எடுத்தாளாம். அதுவும் முறிஞ்சுது. அடுத்த விரலும் போச்சு.

தளவாய்க்கே முகம் சுருங்கிப்போச்சாம். "போதும்ட்டி. மீதியெல்லாம் நல்லாத்தான் இருக்கும். எடுத்துட்டுப் போறேன்."

"கூடையைக் கீழே வையி. நல்லா இருக்கும்னுதான் உன் தம்பிக்கும் குடுத்தேன்."

அடிச்சாளாம். நின்னுச்சு. அடிச்சாளாம். முறிஞ்சுது. விரலை வெட்டிக்கிட்டிருந்த படையாள் அரிவாளைக் கீழே போட்டுட்டான்.

"எடுய்யா. நாளைக்கு உன் இடுப்புல இருக்கப்போற கத்திதான் இது. வெட்டு."

அழுதுக்கிட்டே வெட்டினானாம். பாறையெல்லாம் ரத்தம். ஈசுரமுத்து தலையில அடிச்சுக்கிட்டு, "ஏட்டி, விட்டுருட்டி, விட்டுருட்டி"ங்காராம். அவ விடல.

அப்போ படையில ஒருத்தன் இடுப்புல இருந்ததை உருவி அவ முன்னால வச்சானாம். "தாயி, இதையும் பாரு. இதுக்கு விரல் வேண்டாம்." அவன் பின்னால இன்னொருத்தன். அவனுக்குப் பின்னால இன்னொருத்தன். கடைசியா தளவாயும் தன்னோட கத்தியை நீட்டினானாம்.

ஓங்கி அடிச்சாளாம். முறிஞ்சுதாம்.

உலகம்மை கையைப் பாறையில வச்சாளாம். தளவாய் அரிவாளைக் காலால ஒதுக்கிட்டு, முறிஞ்ச துண்டைக் குனிஞ்சு எடுத்தானாம்.

"இன்னைக்கு இதை நம்பித்தான் சண்டைக்குக் கிளம்பினேன்"னானாம். அப்புறம் ஈசுரமுத்துவைப் பார்த்து, "அவ கைக்குக் கட்டுப் போடுலே"ன்னுட்டு நடந்தானாம். முழுசா நின்ன கத்தி பாதிகூட இல்லாததால, படையும் சண்டைக்குப் போகாமத் திரும்பிருச்சாம்.

அன்னையிலிருந்து கொம்பூர்ல பிடிக்குள்ள போற இரும்பை ராவுறது இல்ல. கொம்பை ரெண்டா அறுத்து, ரெண்டு பக்கமும் வச்சு ஆணி அறைவாங்க. பிடியோட கடைசி வரைக்கும் இரும்பு வெளியே தெரியும். பிடி போட்ட பிறகு, வாங்க வந்தவங்க கண்ணு முன்னால, அந்த வீட்டுப் பொம்பளைதான் பாறையில அடிச்சுக் குடுக்கணும். விரல்பாறைன்னு அதுக்குப் பேரு. ஆடி மாசம் பொங்கல் வைப்போம்.

நீங்க அந்தப் பக்கம் போனா, பாறையோட கிழக்கு ஓரத்துல வெட்டுத்தடம் இருக்கும். அதுல மண்ணு அடைஞ்சு கிடந்தா, கையால கொஞ்சம் துடைச்சு விட்டுட்டு வாங்க.