இரண்டு கீறல், மூன்றாவது மேசை

கடற்காற்றோடு கலந்து வந்து இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே. இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, கரையோர உணவகச் சங்கத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துவரும் அண்ணன் காசிநாதன் அவர்களே. அடுப்பின் அனலில் நின்று பழகிய கால்களுக்கு அரைநாள் ஓய்வு கொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. விடியலில் வலை இழுத்துவிட்டு, கண்ணில் தூக்கம் மிச்சமிருக்க வந்திருக்கும் கடலோரச் சகோதரர்களே. இலை போட்டவர்களே, இலையில் உண்டவர்களே. உங்கள் அனைவருக்கும் திருக்கழுக்குன்றத்து ஓய்வுபெற்ற தமிழாசிரியன் உலகநாதனின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைதாழ்ந்த வணக்கம் என்பது மேடையில் எல்லோரும் சொல்வது. நான் இன்று அதன் பொருளறிந்து சொல்கிறேன்.

சற்று முன் தலைவர் எனக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்தினார். "தட்டில் வந்த தவற்றைத் தட்டிக் கேட்ட தமிழாசான்" என்று அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் எழுந்து நின்றேன். மரியாதைக்காக நின்றேன் என்று நினைத்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கக் கூசியது, அதனால் நின்றேன்.

இந்தக் கூட்டம் முடியும்போது ஒரு தீர்மானம் வாசிக்கப்பட இருக்கிறது. திருவிடந்தைக் கரையில் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே ஐந்து மேசை போட்டுக் கடை நடத்தும் பூங்கொடியைச் சங்கத்திலிருந்து நீக்குவதாகத் தீர்மானம். காட்டிய மீனை மாற்றிப் பரிமாறினார் என்பது குற்றச்சாட்டு. குற்றம் சாட்டியவன் நான். உங்கள் கைப்பேசிகளில் அந்தக் காட்சி இருக்கிறது. காணும் பொங்கலன்று ஒரு கிழவன் எழுந்து நின்று, கையை நீட்டி, ஒரு கடைக்காரரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறானே, அந்தக் கிழவன் நான்தான்.

பின்னாலிருந்து ஒருவர் சொல்கிறார், "மீனை மாத்துனா தூக்கத்தான் வேணும் சார்." நியாயம் ஐயா. மாற்றியிருந்தால் நியாயம். கொஞ்சம் பொறுங்கள். வகுப்பில் சொல்வதுபோல் முதலிலிருந்து வருகிறேன்.

பூங்கொடி கடையில் ஒரு வழக்கம் உண்டு. போய் உட்கார்ந்ததும் அவர் கணவர் தேவா காலையில் வந்த மீன்களைத் தாம்பாளத்தில் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார். நாம் கைகாட்டும் மீனின் வாலில், நம் கண்முன்னே, சின்னக் கத்தியால் கீறுவார். முதல் மேசைக்கு ஒரு கீறல், இரண்டாவது மேசைக்கு இரண்டு, ஐந்தாவது மேசைக்கு ஐந்து. மீன் வறுபட்டு வரும்போது வாலைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் நாங்கள் விடைத்தாளுக்கு எண் கொடுப்போமே, அதே ஏற்பாடுதான். ஏமாற்றக் கூடாது என்பதற்காக அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட பூட்டு அது.

அன்று விழுப்புரத்திலிருந்து என் சம்பந்தி பூவராகவன் குடும்பத்தோடு வந்திருந்தார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் வருகை. மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனேன். இரண்டாவது மேசையில் அமர்ந்தோம். தேவா தாம்பாளத்தோடு வந்தார்.

"சார், கொடுவா கீது பாரு. காலைல வந்தது. செவுளத் தூக்கிப் பாரு சார்."

நான் வயல்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவன். எனக்குச் செவுளைப் பார்த்து என்ன தெரியும்? ஆனாலும் சம்பந்தி பார்க்கிறார் அல்லவா? விரலால் தூக்கிப் பார்த்தேன். ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டினேன். ஆமாம், சிரியுங்கள் தாய்மார்களே, சிரிக்க வேண்டிய இடம்தான். இருப்பதில் பெரிய கொடுவாவைக் காட்டினேன்.

"ரெண்டாவது டேபிளு. ரெண்டு கீறல். பாத்துக்கினியா சார்?" என்று கீறிக் காட்டிவிட்டுத் தேவா அடுப்புப் பக்கம் போனார்.

உச்சி வெயில் கீற்றின் இடுக்கு வழியாகச் சம்பந்தியின் முகத்தில் விழுந்தது. மூன்றாவது மேசைக்காரர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். "இங்கே வந்துவிடுங்கள் சம்பந்தி, நிழலாக இருக்கிறது" என்று அழைத்தவன் யார்? நான். சொம்பையும் பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் யார்? நான். காலியான இரண்டாவது மேசையில் வேறு இரண்டு இளைஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இடம் மாறினோம் என்று தேவாவிடம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

கூட்டம் நெரிந்த நாள். தேவா எங்கள் முகத்தைப் பார்த்துத் தட்டை வைத்தார். முன்பு எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பது அவர் நினைவில் இல்லை. வாலைப் பார்த்தேன். இரண்டு கீறல். தலையைத் தூக்கி மேசையைப் பார்த்தேன். மூன்றாவது மேசை. நாங்களே இடம் மாறி வந்தது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. மீனும் சின்னதாகத் தெரிந்தது. எண்ணெயில் போட்டால் மீன் சுருங்கும் என்பது இங்கே இருக்கும் எந்தத் தாய்க்குத் தெரியாது? எனக்குத் தெரியவில்லை. சம்பந்திக்கு முன்னால் என் சாமர்த்தியத்தைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

எழுந்தேன். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் என்னுடையது. "இது மூன்றாவது மேசை. இது இரண்டாவது மேசையின் மீன். பெரியதைக் காட்டிச் சின்னதைக் கொடுப்பதுதான் உங்கள் கடையின் வழக்கமா?"

அந்த இளைஞர்களில் ஒருவர் கைப்பேசியைத் தூக்கினார். தேவா தட்டைத் திருப்பி, வாலில் விரல் வைத்து எண்ணினார். "ரெண்டுதான் கீது... மூணு போட்டேனா, ரெண்டு போட்டேனா தெரியலயே சார்." பூங்கொடி கரண்டியோடு வெளியே வந்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "இன்னாயா நீ, பேஜாரு பண்ணிகினு" என்று அவரைக் கடிந்துவிட்டு என்னிடம் திரும்பி, "தப்பு எங்களுதுதான் சார். குந்து சார், வேற மீனு போட்டுத் தரேன்" என்றார்.

பெருமக்களே, இதுவரை நான் செய்தது பிழை. பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். இனி வருவதைச் சொல்லத்தான் நான் கூசுகிறேன்.

என் மனைவி ஜோதிலட்சுமி என் பக்கத்தில் இருந்தாள். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். என் கையைத் தொட்டு மெல்லச் சொன்னாள். "நாமதாங்க எடம் மாறி குந்தினோம். அது நம்ம மீனுதான்."

கேட்டது. தெளிவாகக் கேட்டது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. தேர்வறையில் ஒரு மாணவன் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு, என் எண் தப்பு என்று கத்தினால் நாம் யாரைக் கண்டிப்போம்? அந்த மாணவன் நான். ஒரு வார்த்தை போதும். "மன்னியுங்கள் தேவா, நாங்கள் இடம் மாறினோம்." சொன்னேனா? சம்பந்தி பார்க்கிறார். நாலு மேசையும் பார்க்கிறது. கைப்பேசியும் பார்க்கிறது. நான் என் மனைவியிடம் சொன்னது இதுதான்: "பேசாம சாப்பிடு."

முப்பத்தோர் ஆண்டுகள் வாய்மை என்ற பாடத்தை நடத்திய வாய் அது.

இரண்டு மேசைக்காரர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். அடுத்த மீன் வந்தது. பூங்கொடி பார்த்துப் பார்த்து வறுத்திருந்தார். சுவையாக இருந்தது. நான் முள் மட்டும் மிஞ்சும்படி உண்டேன். அவமானத்தில் தொண்டை அடைத்தது என்று சொல்ல ஆசைதான். அடைக்கவில்லை. அதுதான் உண்மை. சம்பந்தி "கெட்டிக்காரர் நீங்கள்" என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். "வாத்தியாரே, இத்த தனியா பேசிக்கலாம்" என்கிறார். அண்ணே, ஐந்து மேசைக்கு முன்னால் அவமானப்படுத்தினேன், ஊரே பார்த்தது. தனியாக மன்னிப்புக் கேட்டால் கணக்கு எப்படிச் சரியாகும்? எத்தனை பேர் பார்க்கும்படி அவமானப்படுத்தினேனோ, அத்தனை பேர் கேட்கவும் வேண்டும். இதோ பாருங்கள், இந்த இரண்டு மாதத்தில் அந்தக் கடைக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்த கூட்டம் நின்றுபோனது. நேற்று அழைப்பிதழோடு உங்கள் சங்கத்து ஆள் வந்து தீர்மானத்தைச் சொன்ன பிறகுதான் நான் தூங்கவில்லை. அதற்கு முன் நன்றாகத்தான் தூங்கினேன். அதையும் மறைக்கப்போவதில்லை.

இந்தப் பொன்னாடையை மடித்து உங்கள் மேசைமேல் வைக்கிறேன் அண்ணே. தீர்மானத் தாளை அதன் அடியில் வையுங்கள். எடுக்காதீர்கள்.

கைப்பேசி வைத்திருக்கும் தம்பிகளே, தயங்காமல் பிடியுங்கள். அன்று பிடித்தது போலவே முகம் தெரியும்படி பிடியுங்கள்.

கடைசி வரிசையில் எழுந்து நிற்பது யார்? பூங்கொடி. வாருங்கள் அம்மா. வரவில்லையா? அங்கிருந்தே பேசுங்கள், என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். நான் கேட்கத்தான் நிற்கிறேன். சகோதரர்களே, கொஞ்சம் அமைதி.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் சார். நான் திட்டணும்னா இந்த மைக் பத்தாது. எங்க வூட்டுக்காரரு அன்னிலேர்ந்து கத்தியத் தொடறதில்ல. எனக்குப் புத்தி மங்கிப்போச்சு, எண்ணிக்க தெரியலன்னு சொல்லிகினு மூலைல குந்திகினு கீறாரு. இதோ பக்கத்துலதான் கீறாரு. அவராண்ட சொல்லு சார்."

கேட்டீர்களா? கடையின் பெயர் போனதை நான் அறிவேன். ஒரு மனிதருக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை போனதை நான் அறியவில்லை. அவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்த இரண்டு மாதமும் சரியான விடை என் சட்டைப்பையில் இருந்தது.

பெருமக்களே, மற்றவர்களுக்குச் சொல்ல நான் வைத்திருந்ததெல்லாம் தீர்ந்தது. வந்ததற்கும் பொறுமையாகக் கேட்டதற்கும் என் நன்றி. என் கையைத் தொட்டு உண்மை சொன்ன ஜோதிலட்சுமிக்கும் நன்றி. அன்று சொல்ல வேண்டியது. எஞ்சியிருப்பது ஒருவருக்கு மட்டும்.

தேவா, எழுந்திருக்க வேண்டாம். நான் நிற்கிறேன், நீங்கள் உட்காருங்கள். அன்று நீங்கள் இரண்டுதான் கீறினீர்கள். நான் பார்த்தேன். இரண்டு சரி. மீன் சரி. யார் முன்னால் கொண்டுவந்து வைத்தீர்களோ, அந்த ஆளும் சரி. உங்கள் கையில் ஒரு தவறும் இல்லை. மேசை மாறி உட்கார்ந்தவன் நான்.

உங்களுக்கு என் வணக்கம்.