சாவி என் சட்டைப்பையில் இருந்தது

முதலில் உங்கள் ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இன்ஸ்பெக்டர் ஐயா. வாசலில் வந்து நின்றபோது டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. வால்வைத் தள்ளுகிற டேப்பெட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

இந்தத் தென்னூர் மெக்கானிக் செபஸ்தியான் வண்டிக் கோளாறைக் காதால் கேட்டே சொல்லிவிடுவான் என்று திருச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன வருஷம் வரை சொன்னார்கள்.

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் வெள்ளைச்சாமியை உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகியும் அவன் விட்டுப்போன சீமைக் காரைத்தான் ஓட்டினார். காவிரிப் பாலம் ஏறும்போதெல்லாம் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். நான் ஒரு தடவைதான் கேட்டேன்.

"ப்ரீ-இக்னிஷன், முதலாளி" என்றேன்.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிற மனிதர். இஞ்சினுக்குள் கரி படிந்து கங்காகக் கனன்றுகொண்டிருக்கும். பிளக் பொறி விடுவதற்கு முன்பே அது தானாகப் பற்றவைத்துவிடும். பிரித்துக் கரியைச் சுரண்டினால் தீர்ந்தது.

அவர் நேரே பாலக்கரை மெக்கானிக் காஜா மைதீனிடம் போனார். அவன் பேரிங் என்றான். அடியில் படுத்து பேரிங்கை மாற்றினான். தட்டல் நிற்கவில்லை, நின்றுவிட்டதாகவே வெள்ளைச்சாமி ஊரெல்லாம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில், மாதா கோயில் வாசலில் காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"என்ன செபஸ்தியான், காது மந்தமாயிடுச்சாமே? கோயில் மணியாச்சும் கேக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி பாக்கியமேரியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதன்பிறகு பட்டறைக்கு வருகிறவர்கள், "எதுக்கும் காஜா மைதீன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேங்க" என்று நழுவினார்கள்.

வெள்ளைச்சாமி மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. நிரூபிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

சித்திரையில் ஹாரன் ரிப்பேருக்கு வண்டியை என்னிடம் அனுப்பினார். என் காதுக்கு அந்த வேலை போதுமாம். ஹாரனைச் சரிசெய்தேன். கூடவே பிளக்குகளையும் மாற்றி, சீக்கிரம் சூடேறுகிற வகையாகப் போட்டேன். கங்கு நன்றாகக் கனிய வேண்டும் அல்லவா.

வண்டியை எடுக்க அவரே வந்தார். "ஒரு சோதனை, முதலாளி" என்றேன். "இந்த வெயில்ல காட்டூர் வரைக்கும் அழுத்தி ஓட்டிட்டு வாங்க. வந்ததும் சாவிய எங்கிட்ட குடுத்துட்டு, முன்னாடி ஹேண்டில மாட்டிச் சுத்துங்க. சாவி இல்லாம இஞ்சின் தானா பத்தி வெடிச்சா நான் சொன்னது சரி. இல்லேன்னா இந்தக் காத அறுத்துக்கறேன்."

"கத்திய தீட்டி வைங்க!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது தெருவே கூடியிருந்தது. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இஞ்சின் முந்திப் பற்றினால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும்; அதனால் அதைக் கட்டைவிரலால் வளைத்துப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். பட்டறையில் முதல் பாடமே இதுதான். சாவிதான் இல்லையே என்று அவர் இறுக்கிப் பிடித்து, மேலிருந்து அமுக்கினார். தாடை ஹேண்டிலுக்கு நேரே இருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லியிருந்தால் பயந்து விலகியிருப்பார், சோதனை கெட்டிருக்கும்.

வெடித்தது. ஹேண்டில் திருப்பி அடித்தது. அவர் தலை கருங்கல் படியில் மோதிய சத்தமும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் காதில் ஒரு குறையும் இல்லை.

அவர் சாவை நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் நேற்று அவர் மனைவி காளியாயி, காஜா மைதீனை வைத்து இஞ்சினைப் பிரித்திருக்கிறார். கரியைப் பார்த்துவிட்டு அவன் "ப்ரீ-இக்னிஷன்" என்றானாம். பிளக்கை அவன் கவனிக்கவேயில்லை. அவன் தொழில் அவ்வளவுதான். ஆனாலும் தென்னூர் முழுக்க அவனைத்தான் கெட்டிக்காரன் என்கிறார்கள்.

அதனால்தான் வந்தேன். பிளக்கை மாற்றியது நான். அடிக்கும் என்று தெரிந்தே அவரைக் குனிய விட்டதும் நான். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, எனக்கு ஆட்சேபம் இல்லை. என்ன கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது யார் என்பதை மட்டும் அதற்கு மேலே எழுதிவிடுங்கள்.