தடிமன் என்ற பெயரில்

காபி போதும், நன்றி. என் வீட்டில் உப்பு இருக்கும் டப்பாவில் உப்பு என்று எழுதியிருக்கும். சர்க்கரைக்கும் அப்படியே. வட கனடாவில் எங்கள் யெல்லோநைஃபில் பலர் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் கடமான் இறைச்சியை உறைய வைப்பார்கள். விருந்தாளி திறந்து ஏமாந்தால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. மேலே உள்ள பெயரை நம்பித்தான் கை நீள்கிறது.

என் வேலையும் அதுதான். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் சுரங்கங்களுக்குச் சரக்கு லாரிகள் பனிக்கட்டியின் மேலேயே போகும். எங்கள் நிறுவனம் அந்தச் சாலையைப் போடுகிறது. ரேடார் கருவியை ஏரியின் மேல் இழுத்துச் சென்று அளப்பார்கள். அந்த அளவுகளை நான் எழுதிய கணினி நிரல் வாங்கிக்கொண்டு, கேட்கும் மற்ற நிரல்களுக்கு விடை தரும். ஒவ்வொரு விடைக்கும் ஒரு பெயர் உண்டு. பயன்படுத்துகிறவர்கள் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். விளக்கக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. அதற்காக நான் கோபப்பட்டதில்லை. அதனால்தான் பெயர்களை யோசித்து வைப்பேன்.

பல ஆண்டுகளாக முக்கியமான விடையின் பெயர் 'தடிமன்'. சாலைப் பிரிவின் தலைவர் லைல் ப்ரூடன் எழுதிய நிரல் அதை எடுத்து, எவ்வளவு எடையுள்ள லாரி போகலாம் என்று கணக்கிடும். ஏரியில் இரண்டு வகைப் பனிக்கட்டி இருக்கும். அடியில் நீலம், ஏரித் தண்ணீர் உறைந்தது. மேலே வெள்ளை, நனைந்த பனித்தூள் உறைந்தது. வெள்ளைக்கு வலு குறைவு. அதைப் பாதியாக்கித்தான் கூட்டுவோம். 'தடிமன்' என்றால் அப்படிக் கூட்டிய எண்.

புதிய ரேடார் இரண்டையும் தனித்தனியாகக் காட்டியது. மொத்தத் தடிமன், நீலத் தடிமன், தாங்கும் தடிமன் என்று மூன்று பெயர்கள் வைக்கலாம், பழைய பெயரை எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். கூட்டங்களில் நான் பேசுவதில்லை. அன்று பேசுவதற்காகக் கண்ணாடி முன் நின்று பழகிவிட்டுப் போனேன்.

"ஏம்மா அகராதி," என்றார் லைல். "நீ வெச்ச பேரெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஏரியே உருகிடும். 'தடிமன்'னே இருக்கட்டும். என் நிரல்ல ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்."

"இவகிட்ட குழந்தைக்குப் பேர் வைக்கச் சொல்லாதீங்கப்பா," என்றார் பின்னால் இருந்த ஒருவர். "'மூக்கு ஒழுகுற ரெண்டாவது பையன்'னு வெச்சிடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு உணவகத்தில் சூப் ஊற்றுகிறவர்கூட என்னை அகராதி என்றுதான் கூப்பிட்டார். லாரி ஓட்டும் நோலா மெர்க்ரெடி மட்டும் என் பெயரைச் சொல்லி வின்னி என்றார்.

லைல் கேட்டபடியே செய்தேன். பெயரை மாற்றவில்லை.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விடையின் பெயரை மாற்றினால், பழைய பெயரைத் தேடும் நிரல்கள் எல்லாம் அந்த இடத்திலேயே நின்று கத்தும். பெயரை அப்படியே விட்டு உள்ளே இருப்பதை மாற்றினால் ஒரு சத்தமும் வராது. எங்கள் தொழிலில் செய்யக் கூடாத காரியம் அது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லித் தந்திருக்கிறேன்.

வெள்ளையைப் பாதியாக்கும் வரியை எடுத்தேன். 'தடிமன்' என்ற பெயருக்குள் மொத்த உயரம் வந்து உட்கார்ந்தது. விளக்கக் குறிப்பில் அதை ஒளிக்காமல் எழுதினேன். சோதனைக்காக, அதற்கு முந்தைய குளிர்காலத்தின் அளவுகளைக் கொடுத்தேன். அந்த ஆண்டு பனிப்பொழிவு குறைவு, வெள்ளை அநேகமாக இல்லை. பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துப்போயின. லைல் திருப்தியாகத் தலையாட்டினார்.

இந்த ஆண்டு பனி சீக்கிரமே கொட்டியது, வெள்ளை தடித்தது. முன்பெல்லாம் வழிநெடுகத் துளையிட்டுப் பார்ப்பார்கள். ரேடாரை நம்பி லைல் அதைக் குறைத்திருந்தார்.

எங்கள் சாலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எடை வரம்புக்கு ஒப்புதல் தந்தவரே முதல் லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பெல்ட் போடக் கூடாது. குதிக்க வசதியாகக் கதவுகள் திறந்தே இருக்கும். லைல் அதை ஒரு முறையும் தட்டிக்கழித்ததில்லை. அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

முதல் லாரி போவதற்கு முந்தைய நாள் மதியம் நோலா என் மேசைக்கு ரொட்டி கொண்டுவந்தார். அவரே பொரித்தது, இன்னும் சூடாக இருந்தது.

"சாப்பிடு கண்ணு, எலும்பும் தோலுமா இருக்க. நாளைக்கு முதல் வண்டி என்னுதுதான், தெரியுமா?"

"லைலும் வர்றாரா?"

"பின்ன? வழியெல்லாம் பாட்டு வேற பாடுவாரு. அதைக் கேக்கறதுக்கு ஏரியில குதிச்சிடலாம்." சிரித்துக்கொண்டே ஜாம் தடவினார். "கணக்கு உன்னுதுதானே? அப்புறம் எனக்கென்ன பயம்."

நான் ரொட்டியைத் தின்றேன். பிறகு, "கதவைச் சாத்திடாதீங்க," என்றேன்.

"இந்தக் குளிர்லயா? சரி போ, உனக்காகத் திறந்தே வைக்கறேன்."

காலையில் லாரி திரையில் ஒரு புள்ளியாக நகர்ந்தது. கரையை விட்டு இறங்கியது. ஏரியின் நடுவில் நின்றது. நான் எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். புள்ளி அங்கேயே இருந்தது. பிறகு ரேடியோவில் லைலின் குரல் கேட்டது. பனிக்கட்டி உடைந்தபோது அவர் குதித்துவிட்டிருந்தார். நோலாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நோலா ஸ்டியரிங்கை விடாமல், தடிமனான பக்கம் வண்டியைத் திருப்பப் பார்த்தாராம். அவர் பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்ததாம்.

நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையைப் படித்தேன். 'கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். பழைய பெயரை மறதியாக விட்டுவிட்டேன் என்று என் பக்கம் நின்று யோசித்திருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனது புரிகிறது. ஆனால் நான் எதையும் கவனக்குறைவாகச் செய்ததில்லை. பெயர் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். லைலைக் கொல்லத்தான் அந்த வரியை எடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நோலாவின் சாவுக்கு மட்டும் 'கவனக்குறைவு' என்ற அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடலாம்.