கெட்டதுக்கு வருகிறவர்கள்

முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை கேட்கப் போகிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. நம் பக்கத்து ஜனங்கள் வாசலோடு பேசி அனுப்ப மாட்டார்கள். "வாங்க சார், ஊட்டுக்குள்ள வாங்க, சாப்பிட்டுப் பேசலாமுங்க" என்று இலை போட்டுவிடுவார்கள். கறிக்குழம்பு உண்டு, கெட்டித் தயிரும் உண்டு. நன்கொடைப் பேச்சை எடுத்தால் மட்டும் "அதுக்கென்னங்க, பாக்கலாமுங்க" என்பார்கள். எட்டு வருடமாக நம் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தைக் கவனித்துக்கொள்கிறேன். அந்தப் 'பாக்கலாமுங்க'வைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது, ஐயா.

கல்லூரிச் செயலராகிய உங்களுக்கு நான் எதற்காக அலைந்தேன் என்று தெரியும். மாணவியருக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை. மோகனூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். யுவஸ்ரீ என்றொரு பெண் என் வணிகவியல் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தால், வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

மறுநாளே ஜெகதீஸ்வரனிடம் போனேன். என்னிடம் படித்தவன், இன்று போர்வெல் போடுகிற ரிக் வண்டி முதலாளி. "கோயிலுக்குன்னா கோபுரமே கட்டித் தாரேனுங்க. கக்கூசுல எம்பேரப் போட்டா ஊருக்குள்ள சிரிக்க மாட்டாங்களா சார்?" என்றான். பேர் போடாமல் கொடு என்றேன். பேர் போடாமல் எதற்குக் கொடுப்பது என்று அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

பிறகுதான் அவன் செட்டில் படித்த தண்டாயுதபாணி சாலை விபத்தில் இறந்தான். அந்த செட்டின் வாட்ஸப் குரூப்பில் நான் மட்டும்தான் செய்தி போட முடியும். காலை வணக்கப் படங்களின் தொல்லை பொறுக்காமல் அப்படி மாற்றி வைத்திருந்தேன். இறப்புச் செய்தியைப் போட்டு, அவன் பெயரில் ஒரு பரிசு வைக்கலாமா என்று ஒரு வரி சேர்த்தேன். கேதத்துக்கு வந்தவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பும் முன்பே வேண்டியது சேர்ந்துவிட்டது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆக வேண்டும் என்பார்கள் இல்லையா? கல்யாணத்தை மறந்தவனை மன்னிப்பார்கள். கேதத்தை மறந்தவனைப் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

போன மாசியில் பொன்னனின் மனைவி ராசாத்தி என்னைத் தேடி வந்தாள். பொன்னனும் அதே செட்டுதான். கபடிக் குழுத் தலைவன், அவனைப் பிடிக்காத பையன் அந்த வகுப்பில் கிடையாது. முட்டை வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தான். இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. உடனே ஆபரேஷன் செய்தால் பிழைப்பான் என்று சொல்லியிருக்கிறார்கள். காப்பீட்டில் அடங்கியது போக மீதியைக் கட்ட வழியில்லை.

"அவருகூடப் படிச்சவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க சார். அவரு ரோசக்காரருங்க, யாருகிட்டயும் வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. பழைய போனு, குரூப்புலயும் இல்லீங்க. உங்களத்தான் நம்பி வந்தேனுங்க."

போடுகிறேன் என்றேன். அன்றே எழுதியும் விட்டேன். அனுப்பும் முன் யோசித்தேன். உயிரோடு இருக்கிறவனுக்கு இவர்கள் என்ன கொடுத்துவிடப் போகிறார்கள்? 'பாக்கலாமுங்க' என்பார்கள். நாலு பேர் ஏதோ கொடுப்பார்கள். அதோடு பொன்னன் மேல் இருக்கிற ஈரம் தீர்ந்துவிடும். ஒரு கரும்பை இரண்டு தடவை ஆலையில் கொடுக்க முடியாது, ஐயா. எழுதியதை அழித்தேன்.

சில நாள் கழித்து அவள் போன் செய்தாள். "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாங்க?"

"எல்லாரும் பாத்துட்டாங்கம்மா. யாரும் இன்னும் பதில் சொல்லல" என்றேன். எட்டு வருடமாக எனக்கு நடந்ததைத்தானே சொன்னேன்.

பங்குனி முடிவதற்குள் பொன்னன் போய்விட்டான். செய்தியை நானே போட்டேன். முதலில் கொடுத்தவன் ஜெகதீஸ்வரன். கழிப்பறையைக் கட்டி முடித்து, 'பொன்னன் நினைவு மாணவியர் ஓய்வறை' என்று பலகை வைத்தோம். யாரும் சிரிக்கவில்லை.

திறப்பு விழாவில் ஜெகதீஸ்வரன்தான் எல்லாவற்றையும் கெடுத்தான். ராசாத்தி பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய வித்தாவது காப்பாத்தியிருப்பனே அம்மிணி."

"சார் குரூப்புல போட்டாருங்களே அண்ணா."

அவன் போனை எடுத்துக் குரூப்பைத் திறந்து காட்டினான். அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"கூடப் படிச்சவனுகளுக்குத் தெரிஞ்சா உடமாட்டானுகன்னு சொல்லிட்டே இருந்தாருங்க. மனசு தாங்காம நாந்தான் சொல்லிப்போட்டேன், எல்லாருக்கும் சொல்லியாச்சு, ஒருத்தரும் கேக்கலீன்னு. 'சரி உடு'ன்னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாருங்க சார். அப்புறம் எங்கிட்டக்கூடப் பேசலீங்க."

எனக்கும் வருத்தம்தான். ஆனால் வண்டியை விற்றிருப்பேன் என்பதெல்லாம் செத்தவனுக்கு ஊற்றுகிற பால். ஜெகதீஸ்வரன் கொடுத்திருக்க மாட்டான், ஐயா. கொடுத்திருக்கவே மாட்டான்.

ஆமாம், செய்தியை நான் போடவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றுதான் போடவில்லை. அவன் சாகட்டும் என்று காத்திருந்தேன். எழுதித் தரச் சொல்கிறீர்கள், எழுதித் தருகிறேன். ஒரு பைசா நான் தொட்டதில்லை. பெண்கள் இப்போது தண்ணீர் குடிக்கிறார்கள், வந்து பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். குரூப் பொறுப்பை மட்டும் இப்போதைக்கு வேறு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். நூலகத்துக்கு மேல்தளம் பாக்கி நிற்கிறது. அதே செட்டில் படித்த குமாரபாளையத்து அன்பழகனுக்குச் சிறுநீரகம் சரியில்லை என்று அவன் மகள் நேற்றுத்தான் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.